கடலோரம் நடக்கப் போன வேலூர்க்காரர்கள்

டிசம்பர் 14, சத்துவாச்சாரி

கடலில்லாத ஊரில் உட்கார்ந்து கடற்கரை நடைக்குத் திட்டம் போட்டால் தைரியம் தானாக வந்துவிடுகிறது. மொட்டைமாடியில் கார்த்திகைக் கடைசிப் பனி. தம்பி மப்ளரை இறுக்கிக்கொண்டு, மொபைலில் வரைபடத்தை விரித்து, மாமல்லபுரத்தில் விரலை வைத்து ஒரே இழுப்பாகப் புதுச்சேரி வரை இழுத்தான். 95 கிலோமீட்டர் சொச்சம். தினம் 20 நடந்தால் முடிந்தது என்றான்.

போவது நான், தம்பி, பெரியம்மா மகள் பெரியக்கா, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் பாய். பெரியக்கா நர்ஸ். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவள், அதனால் காற்று, கடல் ஏறி இறங்கும் ஓதம் எல்லாம் என் தலையில் விழுந்தது.

ஏன் தை மாதம் என்றால், வடகிழக்குப் பருவமழை ஒதுங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நடப்பது என்பதில்தான் சண்டை. தம்பிக்குப் புதுச்சேரியில் ஆரம்பித்து வடக்கே வரவேண்டுமாம். பாய் வழக்கமாக மீன் வாங்கும் மார்க்கெட் வியாபாரி கடப்பாக்கத்திலிருந்து சரக்கு எடுப்பவர். அவரிடம் போன் போட்டுக் கேட்டோம். "வாடை அடங்கல. தெக்கப் பாத்து நடங்க. வடக்கப் பாத்து நடந்தா மூஞ்சி பூரா மணலுதான்" என்றார். வகுப்பில் நான் அம்புக்குறி போட்டு அரை மணி நேரம் விளக்குவதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். தெற்கே என்று முடிவானது. டென்ட் வேண்டாம் என்றதும் அவர்தான். ராத்திரி கரையில் புது ஆள் படுத்திருந்தால் குப்பத்து ஆட்களும் கேட்பார்கள், போலீஸும் கேட்கும். ரூம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு இருந்த கவலை வேறு. தம்பி இழுத்த கோட்டில் பாலாறு, ஓதியூர் கழி, இடையன்திட்டுக் கழி என்று வரிசையாக முகத்துவாரங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் பாலாற்று வாய் மணலால் மூடிக் கிடந்தது. அது கோடையில் எடுத்த படம். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஆறு மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். சொன்னேன். "பாலாத்துலயா தண்ணி?" என்று மூன்று பேரும் சிரித்தார்கள். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர், சிரிக்காமல் என்ன செய்யும்?

டிசம்பர் 28, விருதம்பட்டு

மணலில் நடந்து பழக வேண்டும் என்று விடிகாலையில் பாலாற்றில் இறங்கினோம். மணலைத் தேடுவதற்கே நேரம் போனது. அள்ளியது போக அடியில் களிமண் தெரிகிறது, மீதி இடத்தில் சீமைக்கருவேலம். நடுவில் ஓர் ஓடை கணுக்கால் அளவு ஓடியது. 2021 நவம்பரில் இதே இடத்தில் கரை தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. கொஞ்ச தூரத்துக்கு நல்ல மணல் கிடைத்தது, அதிலேயே போய் வந்து போய் வந்து நடந்தோம். கோழிக்கடைக் கழிவு கொட்டிய இடத்தை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம்.

பாய் எல்லார் காலையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "லெதர் ஷூ கூடவே கூடாது டீச்சர். உப்புத் தண்ணில ஊறிக் காஞ்சா வரட்டி ஆயிடும், குதிகாலை அறுத்துடும்." மெல்லிய கேன்வாஸ் ஷூ ஒன்று, தண்ணீரில் இறங்க ரப்பர் செருப்பு ஒன்று. ஆம்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடையில் ஜோடி 450 ரூபாய்க்கு எடுத்தோம். நாள் பூரா தோலோடு பிழைக்கிற மனிதர் தோல் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 17, மாமல்லபுரம்

காணும் பொங்கல் அன்று மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இன்று நாங்களும் வந்தோம். தம்பிக்குக் கிடைத்த லீவு அப்படி. கடலில் யாரும் இறங்காதபடி சவுக்குக் கட்டை வேலி, ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளின் பெயர்கள், மிளகாய் பஜ்ஜி எண்ணெய் வாடை. சாதாரண நாளில் 1,200 ரூபாய்க்குப் போகும் ரூம் இன்று 2,800. பேரம் பேசினால் "வேணாம்னா விடுங்க மேடம், பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க" என்று லாட்ஜ்காரர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோறும் முள்ளுக் கத்திரிக்காய் வறுவலும் ராத்திரிக்கு. இலவம்பாடி கத்திரிக்காய், காம்பில் முள் குத்தாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. ஜன்னல் வழியாகக் கடல் இரைச்சல். பெரியக்கா தூங்கவில்லை, எல்லார் பையையும் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு கிலோவுக்கு மேல் போனால் ஏதாவது ஒன்றை வெளியே போடுவாள். என் பையிலிருந்து போனது இரண்டாவது டவல்.

ஜனவரி 18, சதுரங்கப்பட்டினம்

தை அமாவாசை. விடியும் முன்னே கரையில் தர்ப்பணக் கூட்டம், எள்ளும் அரிசி உருண்டையும் அலையில் மிதந்தன. வேலியைக் காலையில் பிரித்திருந்தார்கள்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓதம் அதிகம் ஏறும். இந்தக் கரையில் காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் மேலே வந்துவிடுகிறது. அலை நனைத்து இறுகிய மணல்தான் நடப்பதற்குச் சாலை. அது மூழ்கிப் போனால் மேலே பொதபொதவென்ற மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். ஐந்து மணிக்கே இறங்கியதால் முதல் மூன்று கிலோமீட்டர் ஓட்டமாகப் போனது. அப்புறம் ஓதம் துரத்தியது. கொக்கிலமேடு போய்ச் சேர்ந்தபோது தம்பியின் வாய் அடங்கியிருந்தது.

கொக்கிலமேட்டில் ஒரு வீட்டு வாசலில் அம்மாள் ஒருத்தி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பெரியக்காவையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளைப் பிள்ளைங்க எங்கம்மா ஒதுங்குவீங்க? உள்ள கக்கூஸ் கீது, போய்ட்டு வாங்க" என்றார். திட்டம் போட்ட மூன்று ராத்திரியில் தம்பியும் பாயும் யோசிக்காத விஷயம் இது. நாங்கள் இருவரும் யோசித்து வாய் திறக்காமல் இருந்தோம். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம், 100 ரூபாய். மீதி நடை முழுக்க அந்தப் பொட்டலம் பாயின் பையில் மணந்துகொண்டே வந்தது.

அதற்குத் தெற்கே கரையில் நடக்க முடியாது. கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகம், தடை செய்யப்பட்ட பகுதி. இது முன்பே தெரிந்ததுதான். ஈசிஆருக்கு வெளியே வந்து பஸ் ஏறி சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினோம். "பஸ் ஏறினா அது நடையா?" என்று தம்பி முனகினான். பெரியக்கா அவன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம், புளியங்கொட்டை அளவு. உடைக்காமல் மேலே வேஸ்லின் தடவிக் கட்டுப் போட்டாள். இனிமேல் கொப்புளம் வந்த பிறகு சொல்லக்கூடாது, தோல் சூடாக ஆரம்பித்ததுமே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாள்.

சாயங்காலம் டச்சுக் கோட்டை. செங்கல் மதில், உள்ளே கல்லறைகள். கல்லில் செதுக்கிய எழுத்து இன்னும் கூர் மழுங்கவில்லை. மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்ற வந்தவர்கள், இங்கேயே தங்கிவிட்டார்கள். இந்தக் கோட்டைக்கு எதிரே கடலில்தான் 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. இன்று எதிரே இரண்டு ஃபைபர் படகு, ஒரு நாய்.

ஜனவரி 19, பாலாற்று வாய்

இரவெல்லாம் கொசு. புதுப்பட்டினத்தில் இட்லி நாலு 40 ரூபாய், வடகறி இலவசமாக ஊற்றினார்கள். உய்யாலிக்குப்பம் தாண்டித் தெற்கே நடந்தோம். வலது முழங்கால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலித்தது. காரணம் கரையின் சரிவு. கடல் இடது பக்கம், இடது கால் தாழ்வாகவும் வலது கால் மேட்டிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. நான்கு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நடந்ததைப் பார்த்து வலை பிரித்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள்.

பத்து மணிக்குக் கரை நின்றுவிட்டது.

பாலாற்று வாய். முன்னால் தண்ணீர், அகலமாக, பழுப்பாக, கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வரும் வேகமும் அலை ஏறும் வேகமும் மோதும் இடத்தில் நுரை ஒரு கோடாக நின்றது. எதிர்க்கரை தெரிகிறது, அங்கே ஆடு மேய்வதும் தெரிகிறது. பாய் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறந்ததிலிருந்து லாரியும் மாடும் நடுவில் போவதைப் பார்த்த ஆறு. "இது நம்ம பாலாறா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நந்தி மலையில் கிளம்பி, கர்நாடகம், ஆந்திரம் தாண்டி, வாணியம்பாடியையும் ஆம்பூரையும் எங்களையும் கடந்து, 348 கிலோமீட்டர் வந்து முடியும் இடம். பாடம் நடத்தியிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை.

தம்பி முழங்கால் வரை இறங்கிப் பார்த்தான். படகுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "தம்பி, ஏறு மேல! நடுவுல கழுத்தளவு, இழுப்பு ஜாஸ்தி."

படகில் அக்கரை விட முடியுமா என்று கேட்டோம். ஆளுக்கு நூறு என்றார். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் பீடியை அணைத்துவிட்டு எங்களை ஒழுங்காகப் பார்த்தார்.

"வேலூரா? அப்ப உங்க ஊர் தண்ணிதான் இது. 2021-ல அனுப்புனீங்களே ஒண்ணு. வாயே தெரியாம அடிச்சிட்டுப் போச்சு. மரம் மரமா வந்து வலையெல்லாம் கிழிஞ்சிது. பிளாஸ்டிக்கு மாசக்கணக்கா ஒதுங்குச்சு." கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். அப்புறம் பாயிடம், "தோல் கம்பெனித் தண்ணியும் இதுலதான விடறீங்க?"

பாய்க்கு அது தாங்கவில்லை. எங்கள் பக்கத் தோல் தொழிற்சாலைகள் பற்றி சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பாய் வேறு பக்கமாகத் திரும்பினார். "அதும் இல்லாம பெரியவரே, எங்க ஊர்ல பாலாறு வருசத்துல பாதி நாள் ஓடாது. திருமுக்கூடல்ல செய்யாறும் வேகவதியும் வந்து சேருதில்ல? இது செய்யாத்துத் தண்ணி."

"நல்லதா இருந்தா உங்க தண்ணி, கெட்டதா இருந்தா செய்யாத்துத் தண்ணியா?" என்றார் பெரியவர். படகில் இருந்த பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பாயும்தான். எனக்கு என்னவோ பெரியவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. பாயிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

கடக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. வாய்க்கு நேராக விடாமல் ஆற்றுக்குள்ளே கொஞ்சம் மேலே போய், நீர் இழுக்கும் போக்கில் சாய்த்து அக்கரையில் சேர்த்தார். மேற்கே வாயலூர் பாலமும் அதன் பக்கம் தடுப்பணையும் தெரிந்தன. அந்தத் தடுப்பணை வந்த பிறகு கிணற்றில் உப்புக் குறைந்திருக்கிறது என்று பையன் சொன்னான். பெரியக்கா கையை விட்டு நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிப்பு. நானூறு ரூபாயில் நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பெரியவர். டீச்சரிடம் முழுசாக வாங்க மாட்டாராம்.

மத்தியானம் கூவத்தூர்ப் பக்கம் இருக்கும் கடலூர் குப்பத்தில் ஒரு வீட்டில் சோறு. சங்கரா மீன் குழம்பு, கொதிக்கக் கொதிக்க, ஆளுக்கு 120. குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். பாய் மூன்றாவது முறை சோறு வாங்கினார். ராத்திரி கூவத்தூர். 2017-ல் எம்எல்ஏக்கள் ரிசார்ட்டில் தங்கி இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஈசிஆர் ஓரத்தில் 900 ரூபாய் ரூம், பக்கெட் உடைந்தது.

ஜனவரி 20, ஆலம்பரை

காற்று முதுகில். வியாபாரி சொன்னது சரி, எதிரே வடக்கு நோக்கிச் சைக்கிள் தள்ளி வந்தவர் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். மத்தியான வெயில் மட்டும் நேரே முகத்தில். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது, தெற்கே நடந்தால் நெற்றியில்தான் அடிக்கும்.

கரையில் செத்த ஆமைகள். முதலில் பார்த்ததற்கு எல்லாரும் நின்றோம். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். பங்குனி ஆமை என்கிறார்கள். தையிலிருந்து பங்குனி வரை முட்டையிடக் கரையோரம் வரும் காலம். இழுவை வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது. கண் வீங்கி வெளியே தள்ளியிருக்கும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியதைப் பேப்பரில் படித்தபோது அது ஓர் எண். இங்கே அதற்கு நாற்றம் இருந்தது. ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்பது சட்டம். கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்த படகுகளை நாங்களும் பார்த்தோம்.

ஓதியூர் கழியின் வாயும் திறந்திருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலியார்குப்பம் வழியாக ரோட்டைப் பிடித்துச் சுற்றினோம். கையில் ஆவி பறக்கும் பனங்கிழங்கு, கட்டு 50 ரூபாய். நாரை உரித்து உரித்துத் தின்றுகொண்டே நடந்ததில் மூன்று கிலோமீட்டர் தெரியவில்லை. கடப்பாக்கத்தில் கடலோரக் காவல் போலீஸ்காரர் இருவர் நிறுத்தி ஆதார் கேட்டார்கள். வேலூரிலிருந்து நடக்க வந்தோம் என்றால் நம்பவில்லை. பெரியக்கா தம்பியின் குதிகாலைக் காட்டினாள், நம்பினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆலம்பரைக் கோட்டை 1750-ல் புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். பத்து வருஷம். இடித்த செங்கல் இன்னும் அப்படியே குவிந்து கிடக்கிறது, கோட்டைக்கு முன்னால் உப்பங்கழி பளபளக்கிறது. காதல் ஜோடிகள் ஆளுக்கொரு மதிலைப் பிடித்திருந்தார்கள். நாங்கள் ஒரு மூலையில் ஷூவைக் கழற்றி உதறினோம். நான்கு ஜோடியிலிருந்து கொட்டிய மணலில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது. எழுந்து போகும்போது பாயின் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. துரத்தும் நிலையில் யாருக்கும் கால் இல்லை.

ஜனவரி 21, மரக்காணம்

புதுச்சேரி வரை போகவில்லை. தம்பியின் கொப்புளம் உடைந்து சிவந்துவிட்டது. நர்ஸ் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. இடையன்திட்டு வாயும் திறந்திருப்பதாகக் கடப்பாக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆக மரக்காணம் வரை ரோட்டோரமாக, லாரி அடிக்கும் காற்றில் ஒதுங்கி ஒதுங்கி.

உப்பளத்தில் இன்னும் உப்பு இல்லை. மழைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்தியைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, சேற்றை இறுக்கி மிதிக்கிறார்கள். தரை கெட்டியானால்தான் உப்பு வெள்ளையாக விளையும். வெறுங்கால். குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்து கோடு கோடாக இருந்தது. ஒரு அம்மாள் தம்பி நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு நடக்கறீங்க?" என்று கேட்டார். சும்மாதான் என்றோம். "கூலி எவ்ளோ?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

மீதித் தூரத்துக்குத் தம்பி இப்போதே தேதி பார்க்கிறான். சித்திரையில் வந்தால் வாயெல்லாம் மணல் மூடிவிடும், ஒரே கோடாக நடக்கலாம் என்கிறான். சித்திரை வெயிலில் நீ போ என்றாள் பெரியக்கா. பாய் ஒற்றைச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார், ஜோடி வாங்கிய கடையில் ஒற்றைக் கால் கிடைக்குமா என்று கேட்கப் போகிறாராம்.

பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரரிடம் வேலூர் போக எங்கே பஸ் ஏறணும் என்று கேட்டோம்.

"பஸ்ஸு எதுக்கும்மா? ஏறுங்க, ஆளுக்கு முப்பது ரூபா."

தம்பி ஏறியே விட்டான். பெரியக்காதான் கேட்டாள், எந்த வேலூர் என்று. அவர் சொன்னது உப்புவேலூர்.